பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்: கேட்டவர்களுக்குப் பதில்

வலைப்பக்கங்களை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, இப்போதும் ஜேகுவெரி படிக்க வேண்டுமா?

புதிதாகத் தொடங்கும் வேலைக்கு வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவதைச் சுலபமாக்கும் லைப்ரரி அது. 2006-இல் ஜான் ரெசிக் அதை வெளியிட்டபோது ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. அந்த வித்தியாசங்கள் நம் கண்ணில் படாமல் ஜேகுவெரி பார்த்துக்கொண்டது. பக்கத்தில் ஒன்றைத் தேட குவெரி செலக்டர், அதன் கிளாஸை மாற்ற கிளாஸ் லிஸ்ட், சர்வரிடம் தகவல் கேட்க ஃபெட்ச் எல்லாம் இன்று பிரவுசரிலேயே இருக்கின்றன. பழைய தளத்தைப் பராமரிக்கும் வேலை கிடைத்தால் அதன் கோடை (code) வாசித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

கேள்வி: ஹெட் பகுதியில் ஸ்கிரிப்ட் வைத்தேன். பட்டனைத் தேடினால் நல் (null, எதுவும் இல்லை) என்றே வருகிறது. பட்டன் பக்கத்தில் இருக்கிறதே?

ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் அந்தப் பட்டன் இன்னும் உருவாகவில்லை. பிரவுசர் எச்டிஎம்எல்லை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வரும். சாதாரண ஸ்கிரிப்ட் குறுக்கே வந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு அதை முதலில் ஓட்டும். கோடைத் தனி ஃபைலில் வைத்து, ஸ்கிரிப்ட் டேகில் டிஃபர் (defer) என்று சேர்த்துவிடுங்கள். பக்கம் முழுவதும் படித்து முடித்தபின், நீங்கள் எழுதிய அதே வரிசையில் ஓடும். அதற்குப் பதில் அசிங்க் (async) போட்டால் எது முதலில் வந்து சேர்கிறதோ அது முதலில் ஓடும், வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. மாட்யூல் வகை (type="module") ஸ்கிரிப்டுக்கு டிஃபர் தனியாகத் தேவையில்லை.

கேள்வி: பெயருக்கு அதிகபட்சம் 10 எழுத்து என்று வைத்தேன். ‘திருநாவுக்கரசு’ எட்டு எழுத்துதானே, ‘திருநாவுக்’ என்று நின்றுவிடுகிறது. ஏன்?

தமிழில் தளம் செய்யும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. நமக்கு ‘தி’ ஓர் எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு அது ‘த’ ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளியையும் தனியாக எண்ணும். அந்தக் கணக்கில் திருநாவுக்கரசுக்கு நீளம் 14. பத்தாவது இடத்தில் இருப்பது ‘க்’-இன் புள்ளி, அதோடு நின்றுவிட்டது.

நம் கணக்கில் எண்ண ஜாவாஸ்கிரிப்டிலேயே இன்டெல் செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது. மொழியைத் தமிழ் என்று கொடுத்து, கிராஃபீம், அதாவது கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் அளவில் பிரித்தால் எட்டு வரும். 2024 முதல் முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் அது இரண்டிரண்டாகத்தான் எண்ணும். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மனிதர்களின் பெயருக்கு எதற்கு அவ்வளவு இறுக்கமான வரம்பு? தாராளமாக விடுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் அடுத்த கேள்வியும்.

கேள்வி: பட்டியலில் ‘கொடைக்கானல்’ கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை.

‘கொ’-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. தேடும் சொல், தேடப்படும் சொல் இரண்டையும் நார்மலைஸ் செய்து, அதாவது ஒரே மாதிரியாக்கி, என்எஃப்சி (NFC) என்ற வடிவத்துக்கு மாற்றியபின் ஒப்பிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் திரையை முறைத்துப் பார்த்துத்தான் நானும் இதைக் கண்டுபிடித்தேன்.

கேள்வி: சாட் பெட்டியில் ஒலிபெயர்ப்புக் கீபோர்டில் தமிழ் அடிக்கிறார்கள். சொல்லைத் தேர்ந்தெடுக்க என்டர் தட்டினாலே பாதிச் செய்தி போய்விடுகிறது.

விசையை அழுத்தும்போது வரும் கீடவுன் நிகழ்வில் இஸ் கம்போசிங் (isComposing) என்ற மதிப்பைப் பாருங்கள். அது உண்மை என்றால் சொல் இன்னும் முடியவில்லை, அனுப்பாதீர்கள். சஃபாரிக்காகக் கீ கோட் 229-ஐயும் சேர்த்துச் சோதியுங்கள்.

கேள்வி: பயனர் எழுதும் கருத்தை இன்னர் எச்டிஎம்எல் வழியாகக் காட்டுகிறேன். ஸ்கிரிப்ட் டேக் போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை. அப்போது பாதுகாப்புதானே?

இல்லை, தம்பி. அந்த வழியில் வரும் ஸ்கிரிப்ட் டேக் ஓடாது என்பது சரி. ஆனால் இல்லாத ஒரு படத்தைக் காட்டச் சொல்லி, படம் வராவிட்டால் ஓடும் ஆன் எரர் பகுதியில் கோடு எழுதினால் அது ஓடிவிடும். லாகின் செய்தவர் என்பதற்கு அடையாளமான டோக்கனை, பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைத்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அந்தப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் அதைப் படிக்க முடியும். கருத்தை வெறும் எழுத்தாகவே காட்டும் டெக்ஸ்ட் கன்டென்ட் வழியாகக் காட்டுங்கள். லாகின் விவரத்தை எச்டிடிபி ஒன்லி குக்கியில் வையுங்கள், ஜாவாஸ்கிரிப்டால் அதைப் படிக்க முடியாது. இன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: படிவத்தை பிரவுசரிலேயே சரிபார்த்தால் சர்வரில் மறுபடி செய்ய வேண்டுமா?

கட்டாயம். டெவலப்பர் டூல்ஸைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் சோதனையை நீக்கிவிடலாம். பிரவுசரில் செய்வது பயனருக்குத் தவறை உடனே காட்டுவதற்காக.

கேள்வி: ஃபெட்ச்சில் 404 (கேட்டது இல்லை) என்று வந்தும், பிழையைக் கையாளும் கேட்ச் பகுதிக்குப் போகவில்லையே?

போகாது. சர்வர் ஏதோ ஒரு பதில் தந்துவிட்டாலே ஃபெட்ச்சுக்கு அது வெற்றிதான். இணைப்பே கிடைக்காதது போன்ற சிக்கலில்தான் கேட்ச் ஓடும். ரெஸ்பான்ஸில் ஓகே உண்மையா என்று பார்த்து, இல்லையென்றால் நீங்களே எரரை வீசுங்கள்.