எந்தப் பாடம் என்று சொல்லவில்லையே, தங்கச்சி

கேள்வி: எனக்கு வயது 27. விசுவமடுவில் அம்மாவோடும் உயர்தரம் படிக்கும் தம்பியோடும் இருக்கிறேன். கிளிநொச்சியில் ஒரு நிதி நிறுவனத்தில் நாலு வருடமும் எட்டு மாதமுமாக வேலை. கடன் எடுத்த பெண்களின் வீடுகளுக்குப் போய்த் தவணை அறவிடுவதுதான் பெரும்பாலும் என் வேலை. படலையில் நின்று கூப்பிட்டால் பிள்ளையை அனுப்பி "அம்மா இல்லை" என்று சொல்லுவிப்பார்கள். மாத முடிவில் இலக்கு எட்டவில்லை என்று மனேஜர் எல்லோருக்கும் முன்னால் ஏசுவார். இனி முடியாது. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் வெட்டுப்புள்ளி காணாததால் கம்பஸ் கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்று வருடப் பட்டப்படிப்புக்குச் சேர நினைக்கிறேன். முதல் தவணைக்கு அம்மாவின் காப்பை அடகு வைக்கலாம். மிச்சத்துக்கு வவுனியாவில் இருக்கும் அண்ணா உதவுவார் என்று அம்மா சொல்கிறா. ஆனால் "27 வயதில் என்ன படிப்பு, கலியாணத்தைப் பார்" என்றும் அவவே சொல்கிறா. அந்த நிறுவனத்தின் விளம்பரத்தை இத்துடன் அனுப்புகிறேன். வேலையை விடட்டுமா?
— வாசகி, விசுவமடு

பதில்: இப்போது விடாதீர்கள்.

வேலையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. படிக்கப்போகும் பாடத்தின் பெயர் மட்டும் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. உங்களுக்கு முதலில் வேண்டியது இந்த வேலையிலிருந்து விடுதலை. அது நியாயமான ஆசை. தவணை கட்ட வழியில்லாத பெண்ணின் படலையில் நாள்தோறும் போய் நிற்பது மனச்சாட்சி உள்ள எவரையும் வாட்டும். ஆனால் அதற்கு மருந்து வேறொரு வேலை. மூன்று வருடச் சம்பளத்தையும் அம்மாவின் காப்பையும் கொடுத்து வாங்க வேண்டிய விடுதலை அல்ல அது.

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். பட்டதாரித் தொப்பி போட்ட மூன்று பேர் சிரிக்கிறார்கள். "இம்மாத இறுதிக்குள் பதிந்தால் சலுகை" என்று சிவப்பில் கொட்டை எழுத்து. பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் என்பது அடியில், கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத அளவில். ஒரு பட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். அரச வேலைக்கான வர்த்தமானி அறிவித்தல்களை எடுத்துப் பாருங்கள்: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றுதான் கேட்பார்கள். உள்நாட்டுத் தனியார் நிறுவனம் தானே பட்டம் தருவதானால் அதற்கு உயர்கல்வி அமைச்சின் அனுமதி இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டமானால் அந்தப் பல்கலைக்கழகத்தை ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை ஆணைக்குழுவிடமே எழுதிக் கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் தொலைபேசி இலக்கத்தில் கேட்டால் "ஓம்" என்றுதான் சொல்லுவார்கள்.

சரி, அங்கீகாரம் உள்ள பட்டம் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்? பட்டம் எடுத்தால் அரசாங்கம் கூப்பிட்டு வேலை தரும் என்ற நம்பிக்கை எங்கள் வீடுகளில் இன்னும் போகவில்லை. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மாதக்கணக்கில் தெருவோரம் இருந்து போராடினார்கள். அவர்களில் பலர் அரச பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள். 2020 இல் பயிலுநர்களாக எடுக்கப்பட்ட பட்டதாரிகளுக்குப் பயிற்சிக் காலத்தில் மாதம் 20,000 ரூபாய்தான். பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பட்டம், அது எந்தக் கதவைத் திறக்கும் என்று தெரியாமல் காப்பை அடகு கடைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்கிறேன்.

வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களுக்கென்றே 1980 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அது அரச பல்கலைக்கழகம், ஆகவே அங்கீகாரம் பற்றிக் கேள்வியே இல்லை. யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. அந்தந்த வருடம் எடுக்கும் பாடங்களுக்கு ஏற்பக் கட்டணம் கட்டலாம். முகாமைத்துவம், சட்டம், சமூக விஞ்ஞானம் எல்லாம் உண்டு. எது எந்த மொழியில் என்பதைப் பதியுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலையோடு படித்தால் மூன்று வருடம் நாலாகும், ஐந்தும் ஆகும். விசுவமடுவிலிருந்து பரந்தனுக்கு வந்து, அங்கே பஸ் மாறி யாழ்ப்பாணம் போய்வந்தால் ஒரு விடுமுறை நாள் போய்விடும். கஷ்டம்தான். ஆனால் மாதச் சம்பளம் நிற்காது, தம்பியின் ரியூஷன் காசும் நிற்காது.

இன்னொன்று. உங்கள் நிறுவனத்தில் பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்தால், 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு: முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். நீங்களாக விலகினாலும் அது உங்கள் உரிமை. நாலு வருடமும் எட்டு மாதமும் ஆன இந்த நேரத்தில் கடிதம் கொடுத்தால் ஒரு சதமும் கிடைக்காது. இன்னும் நாலு மாதம் பொறுத்தால் இரண்டரை மாதச் சம்பளம் கைக்கு வரும். அந்த நாலு மாதத்திலேயே வேறு வேலையும் தேடுங்கள். கணக்கும் ஆட்களோடு பழகும் பக்குவமும் தெரிந்த ஒருவர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் தேவை, வங்கிக்கும் தேவை. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் ஊழியர் சேமலாப நிதியை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். படிப்புச் செலவுக்கென்று அதை எடுக்க முடியாது.

உங்கள் தம்பிக்கும் ஒரு வார்த்தை. நாளை அவருக்கு அரச பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால், அது பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகமோ அறிவியல்நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பீடமோ, எந்த வேலை கையில் இருந்தாலும் விட்டுவிட்டுப் போகட்டும். படிப்புக்குக் கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மகாபொல உதவித்தொகையும் கிடைக்கும். அந்தச் சந்தர்ப்பம் திரும்ப வராது.

அம்மா வயதைச் சொல்லி மறிப்பதை நான் ஏற்கமாட்டேன். போர் முடிந்தபோது நீங்கள் பத்து, பதினொரு வயதுப் பிள்ளை. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் தறப்பாளுக்குக் கீழே இருந்து படித்த தலைமுறை உங்களுடையது. 2009 ஆகஸ்டில் அந்த முகாம்களுக்குள்ளேயே உங்கள் அக்காமார், அண்ணாமார் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். பறிபோன அந்தப் பள்ளிக்கூட நாட்களுக்கு யாரும் உங்களுக்கு வயதைக் குறைத்துத் தரப்போவதில்லை. 27 இல் தொடங்கி 32 இல் பட்டம் எடுத்தாலும் அது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. கலியாணம் வந்தால் கட்டுங்கள், படிப்பை நிறுத்தச் சொல்லாதவரைப் பார்த்து.

அண்ணா உதவுவார் என்று சொன்னது அம்மா. அண்ணா சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அவரிடம் நீங்களே நேரே பேசுங்கள். மாதம் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். அம்மாவைத் தூது விடாதீர்கள்.