‘பாட்டி, டைகர் என்னைத் திட்டுது!’

வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர் அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்தில் மகன் வீட்டில், இரண்டரை வயதுப் பேத்தியோடும் மணி, டைகர் என்ற இரண்டு நாய்களோடும் இருக்கிறார்.

கேள்வி: டாக்டர் அம்மா, என் மகளுக்கு இரண்டரை வயது. விடிந்ததிலிருந்து நாயோடுதான் பேச்சு. எங்களிடம் பேசுவதைவிட அதனிடம் பேசுவதுதான் அதிகம். "நாயோட பேசிப் பேசிப் பிள்ளை குரைக்கத்தான் போகுது" என்கிறார் என் மாமியார். பேச்சு கெட்டுவிடுமா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: குரைக்கட்டுமே, கொஞ்ச நாளைக்கு வீட்டுக் காவலுக்கு ஆச்சு! இதை நான் சொன்னதாக மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பேத்தி எழுந்ததும் நேராக மணியிடம் போய் உட்கார்ந்து வீட்டுச் சமாச்சாரம் எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். "மணி, அம்மா ஆபீஸ் போச்சு. அப்பா சட்டை கீழ விழுந்துச்சு. நீ பல்லு தேச்சியா?" மணி தெருவில் பிறந்த நாட்டு நாய், பத்து வயதைத் தாண்டியது. ஒரு காதை மட்டும் நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருக்கும். குறுக்கே பேசாது. "சட்டை தானா விழலடா கண்ணு, உங்க அப்பாதான் போட்டான்" என்று என்னைப்போலத் திருத்தவும் செய்யாது. பேசிப் பழகும் பிள்ளைக்கு இப்படி ஓர் ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் மணியால் பதில் சொல்ல முடியாது. பிள்ளை சொன்ன இரண்டு வார்த்தையை நாலு வார்த்தையாக்கித் திருப்பிக் கொடுக்க மனுஷர் வேண்டும். அவள் "மணி மம்மு" என்றால், "ஆமா, மணி மோர்ச்சோறு சாப்பிடுது" என்று நீங்கள் சொல்ல வேண்டும். அது வீட்டில் நடக்கிறது என்றால், மிச்ச நேரத்தில் நாயோடு எவ்வளவு பேசினாலும் நல்லதுதான். செல்போனில் ஓடும் பாட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பொதுவாக இரண்டு வயதில் ஐம்பது வார்த்தையாவது சொல்லி, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்க வேண்டும். மூன்று வயதில் சின்னச் சின்ன வாக்கியம் வரும். டைகர் ‘தைகல்’ ஆவதும் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆவதும் இந்த வயதில் சகஜம். இரண்டு வயது தாண்டியும் வார்த்தைகள் சேரவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நான் மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்த்தவள், இதற்கு மேல் சொல்வது முறையில்லை.

கேள்வி: நாலு வருடமாக வளர்க்கும் எங்கள் நாய், ஒன்றரை வயது மகன் பக்கத்தில் போனால் சில நேரம் உறுமுகிறது. உறுமும்போதெல்லாம் என் கணவர் ஓர் அடி வைக்கிறார். நாயை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் அந்த அடியை நிறுத்தச் சொல்லுங்கள். உறுமினால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய் அடுத்த முறை உறுமாது, நேராகப் பல்லை வைக்கும். "சத்தமே இல்லாமக் கடிச்சிருச்சு டாக்டர்" என்று கால்நடை மருந்தகத்துக்கு வந்தவர்களிடம் கொஞ்சம் விசாரித்தால், உறுமியதற்கு எப்போதோ செருப்படி வாங்கிய கதை வெளியே வரும்.

உறுமலுக்கு முன்பே நாய் நிறையச் சொல்லிவிடும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். எதிரே சோறு இல்லாதபோதும் உதட்டை நக்கும். கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். எல்லாவற்றையும்விட, உடம்பு விறைத்து அப்படியே அசையாமல் நின்றால் அந்த நொடியே பிள்ளையைத் தூக்கிவிட வேண்டும். வாலை நம்பாதீர்கள். உயரத் தூக்கி, விறைப்பாக ஆட்டும் வாலில் சந்தோஷம் இருக்க வேண்டியதில்லை. குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும், நாய் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பியிருக்கும், பெரியவர்கள் "என்ன பாசம் பாரு" என்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த மாதிரிப் படங்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு நாய்க்கடி அதிகம் விழுவது முகத்திலும் கழுத்திலும். பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன, அதுதான் காரணம்.

எங்கள் டைகர் லாப்ரடார் கலப்பு, சாது. அதற்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. "பாட்டி, டைகர் என்னைத் திட்டுது!" என்று பேத்தி ஓடிவருவாள். ஓடிவந்து சொன்னதற்கு அவளுக்கு ஒரு முத்தம். கடிக்காமல் திட்டியதற்கு டைகருக்கு மனசுக்குள் ஒரு சபாஷ். அப்புறம் விசாரணை. "டைகர் என்ன பண்ணிட்டு இருந்துச்சு?" "தூங்குச்சு." "நீ என்ன பண்ண?" "காதுல எட்டிப் பாத்தேன்." சரி, யார் பக்கம் நியாயம் என்று தெரிந்துவிட்டது. தூங்கும் நாய், சாப்பிடும் நாய், எலும்பு கடிக்கும் நாய், குட்டி போட்ட நாய் – இவற்றின் பக்கம் போகக்கூடாது என்பதைத் தினமும் சொல்கிறோம். தினமும் மறக்கிறாள். இந்த வயதுக்கு அப்படித்தான் இருக்கும். அதனால் சட்டத்தைக் குழந்தையிடம் விட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

பெரியவர் ஒருவர் அதே அறையில் இல்லாமல் இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள். எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் சரி. பால் பொங்குகிறது, அடுப்படிக்கு ஓட வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றைக் கையோடு கூட்டிக்கொண்டு ஓடுங்கள். நாய்க்குச் சோறு வைக்கும்போது கதவைச் சாத்துங்கள். மாடிப்படிக்கு அடியிலோ பின்கட்டிலோ, பிள்ளை நுழைய முடியாத ஓர் இடத்தில் அதற்குச் சாக்கு விரித்து வையுங்கள். மனசு வந்தால் வரும், இல்லாவிட்டால் அங்கேயே படுத்திருக்கும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். நாலு வருடம் சும்மா இருந்த நாய் இப்போது உறுமுகிறது என்றால் எங்காவது வலிக்கலாம். காதுக்குள் புண், பல், மூட்டு என்று எதுவாகவும் இருக்கலாம். பக்கத்து மருந்தகத்தில் ஒரு தடவை காட்டிவிட்டு, கொடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசியுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வாங்கி வந்த வெள்ளை ராஜபாளையம் குட்டி, என் மகள் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. "அப்பா, ஸ்னோ என்கூட டூ விட்டுருச்சு" என்று அழுகிறாள். இந்த இனம் திமிர் பிடித்ததா டாக்டர்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: எங்கள் ஊர் நாயைத் திமிர் என்று சொல்லிவிட்டீர்களே தம்பி! 2005-இல் தபால்தலையில் இடம்பிடித்த இனம் இது. கொஞ்சம் கர்வம் இருந்தால்தான் என்ன?

விளையாட்டு போகட்டும். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் பின்னால் தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரை அதிரக்கூடாது, உங்கள் நிழலும் அதன்மேல் விழக்கூடாது. காது அசையவே இல்லை என்றால் அதற்குக் காது கேட்கவில்லை என்றுதான் சந்தேகப்பட வேண்டும். உடம்பு முழுக்க வெள்ளையாகப் பிறக்கும் நாய்களில் இது வருவதுண்டு. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அதே செல்கள் உள்காதுக்கும் வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். மருந்து கிடையாது.

ஆனால் நல்ல நாயாக வளரும். கையசைவில் எல்லாம் கற்றுக்கொள்ளும். உட்கார ஒன்று, வர ஒன்று, வேண்டாம் என்பதற்கு ஒன்று என வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைப் பயன்படுத்துங்கள். உங்கள் மகள் உங்களுக்கு முன்னால் கற்றுக்கொள்வாள், பாருங்கள். தூங்கும்போது பின்னாலிருந்து யாரும் தொடக்கூடாது. திடுக்கிட்டு எழும் நாய் யார் என்று பார்க்காமல் கவ்விவிடும். கொஞ்சம் தள்ளி நின்று தரையைக் காலால் தட்டினால் அதிர்வில் எழுந்துகொள்ளும். வெளியே எப்போதும் கயிற்றோடுதான், வண்டி வருவது அதற்குத் தெரியாது. மகள் அதனிடம் பேசுவதைத் தடுக்காதீர்கள். டூ விட்டதாக மட்டும் நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: நாய் முடி வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு ஆபத்தா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஒன்றிரண்டு முடி போன வழியே வந்துவிடும். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத புழு முட்டைக்கு. உருண்டைப்புழு உள்ள நாயின் மலத்தில் முட்டைகள் வரும். மண்ணில் சில வாரம் கிடந்த பிறகுதான் அவை தொற்றும் நிலைக்கு வரும். அதனால் அன்றைய மலத்தை அன்றே அள்ளிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. குட்டிக்கு மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். மண்ணில் விளையாடிவிட்டு வந்தால் பிள்ளைக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பையன் தன் தட்டில் இருப்பதில் பாதியை ஊட்டிவிடுகிறான், நாய்க்கு. எதைத் தடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இட்லி, சோறு, வெறும் தயிர் போனால் போகட்டும். திராட்சையும் உலர்திராட்சையும் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசக் கிண்ணத்தைக் கீழே வைக்காதீர்கள். சாக்லேட், வெங்காயம் கூடாது. ‘சர்க்கரை இல்லாதது’ என்று விற்கும் சில மிட்டாய்களில் சேரும் சைலிட்டால் மிகவும் மோசம், சீக்கிரமே உயிருக்கு ஆபத்தாகிவிடும். குழந்தையின் காய்ச்சல் மருந்துப் பாட்டிலையும் உயரத்தில் வையுங்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டுமே நாய்க்கு விஷமாகலாம். "டைகருக்கு ஜுரம்" என்று பேத்தி ஒரு நாள் மருந்து மூடியோடு கிளம்பியதைப் பார்த்ததிலிருந்து எங்கள் வீட்டு மருந்தெல்லாம் பீரோவின் மேல்தட்டில்.

கேள்வி: வீட்டில் வளர்க்கும் குட்டி விளையாட்டாகக் கவ்வியதில் மகள் கையில் லேசாக ரத்தம் வந்தது. குட்டிக்கு ஊசி போட்டிருக்கிறோம். மஞ்சள் வைத்தால் போதும், ஆஸ்பத்திரிக்குப் போனால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள்.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பிள்ளை அழும், கதை சொல்லிக்கொண்டே கழுவுங்கள். பிறகு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தொப்புள் ஊசி பழைய கதை. அந்த மருந்தைத் தயாரிப்பதையே நம் நாட்டில் 2004-ஓடு நிறுத்திவிட்டார்கள். இப்போது கையிலோ தொடையிலோதான். தோலுக்குள் போடும் முறை என்றால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வந்த காயம் என்பதால், வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கக் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து வேண்டுமா என்பதையும் மருத்துவர் பார்ப்பார். குட்டியின் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், குட்டியைப் பத்து நாள் கண்ணுக்கு எதிரிலேயே வைத்திருங்கள். வளர்க்கும் நாய்தானே என்று தள்ளிப்போட வேண்டாம். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது. இந்த ஒரு விஷயத்தில் என்னிடம் வேடிக்கைப் பேச்சு கிடையாது.

கேள்வி: குழந்தைக்குத் துணையாக இருக்கட்டும் என்று நாய் வாங்கலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: காலை ஐந்தரைக்கு மழையில் அதைக் கூட்டிக்கொண்டு நடக்கப்போவது யார்? நீங்கள் என்றால் வாங்கலாம். "குழந்தை பார்த்துக்குவான்" என்றால் வேண்டாம்.

கேள்வி: என் மூன்று வயதுப் பேரன் தன்னை ‘டாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவதில்லை. நாலு காலில் நடக்கிறான், நாயின் தட்டில் சாப்பிடப் போகிறான். நிஜ டாமி குழம்பிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.
– ஒரு தாத்தா, காரைக்குடி

பதில்: ஐயா, டாமி என்றே கூப்பிடுங்கள். நாய்த்தட்டை மட்டும் எட்டாத உயரத்தில் வைத்து, அவனுக்கென்று தனியாக ஒரு தட்டு வாங்கிக் கொடுங்கள். "நல்ல டாமி கை கழுவிட்டுத்தான் சாப்பிடும்", "நல்ல டாமி ஒன்பது மணிக்குத் தூங்கிடும்" என்று சொல்லிப் பாருங்கள். பெயர் சொல்லிக் கேட்காத வேலையெல்லாம் நடக்கும். நிஜ டாமியைத் தினமும் கொஞ்ச நேரம் தனியாக வாக்கிங் கூட்டிப்போங்கள். பள்ளிக்கூட அட்மிஷன் ஃபாரத்தில் மட்டும் பழைய பெயரையே எழுதிவிடுங்கள்.