முப்பது கேசட் போதும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாட்டெல்லாம் போனிலேயே கிடைக்கிறது. இந்தக் காலத்தில் சுயாதீனக் கலைஞர்கள் ஏன் கேசட் போடுகிறார்கள்? பழைய ஞாபகத்தை விற்கும் வியாபாரம்தானே?

பதில்: வாங்குகிற பிள்ளைகளில் பலர் கேசட் காலத்தில் பிறக்கவே இல்லை. அவர்களுக்கு ஏது பழைய ஞாபகம்? விஷயம் எண்ணிக்கையில் இருக்கிறது. இசைத்தட்டுக்கு முதலில் லேக்கர் பூசிய தட்டில் ஒலியை வெட்ட வேண்டும், அதிலிருந்து உலோக அச்சு எடுக்க வேண்டும். அச்சுக்கே பணம் கரைந்துவிடுவதால் சில நூறு பிரதி போட்டால்தான் கட்டுப்படியாகும். கேசட்டுக்கு அச்சே வேண்டாம். கேசட்டில் பதியும் நல்ல டெக் ஒன்று, வெற்றுக் கேசட், பொறுமை. முப்பது பேர் கேட்பார்கள் என்றால் முப்பது. தீர்ந்துபோனால் இன்னும் பத்து. 1980-களில் மெட்டல் குழுக்கள் டெமோ கேசட்டுகளைத் தபாலில் பரிமாறிக்கொண்டதும், 1982-ல் அமெரிக்காவின் ஒலிம்பியாவில் கே ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் ஒரு கேசட்டோடு கடை விரித்ததும் இதே கணக்கில்தான்.

கேள்வி: பிளேயர் இல்லாதவர்களும் வாங்குகிறார்களாமே?

பதில்: வாங்குகிறார்கள். கலைஞர்கள் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் கேசட் வாங்கினால் டிஜிட்டல் பிரதியும் கூடவே வரும். கேட்பது போனில், வைப்பது அலமாரியில். கலைஞருக்குக் காசு போய்ச் சேர்கிறதல்லவா, எனக்கு ஆட்சேபணை இல்லை.

கேள்வி: கேசட் ஒலி உண்மையிலேயே இதமாக இருக்குமா?

பதில்: பாதி உண்மை. கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஸ்டூடியோ டேப் 38 சென்டிமீட்டர் வேகத்தில்கூட ஓடும். அதனால் கேசட்டில் பின்னணி இரைச்சல் இருக்கத்தான் செய்யும். பதியும் ஒலி அளவை ஏற்றினால் டிரம்ஸின் கூர்முனை மழுங்கும். அதைத்தான் இதம் என்கிறார்கள். கித்தார் இரைச்சலுக்கும், ஒரே சுரம் நீண்டு ஒலிக்கும் ட்ரோன் இசைக்கும் இது பொருந்தும். தனிப் பியானோ என்றால் நான் கேசட் பக்கமே போகமாட்டேன். நீண்டு ஒலிக்கும் சுரத்தில் மோட்டாரின் சிறு தள்ளாட்டமும் காதில் விழுந்துவிடும்.

கேள்வி: எங்கள் குழுவிடம் ஏழு பாட்டு இருக்கிறது, மொத்தம் 41 நிமிடம். பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் சி-60 கேசட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பக்கத்துக்கு ஒன்பது நிமிடம் சும்மா ஓடும். கேட்ட நீளத்துக்கு நாடா சுற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக்கு 22 நிமிடம் கேளுங்கள். பாட்டுகளைப் பிரிக்கும்போது ஏ பக்கம் சற்று நீளமாக இருக்கட்டும். பி பக்கம் நீண்டால், ஏ முடிந்ததும் மிச்ச நாடாவை ஓட்டித் தள்ளிய பிறகுதான் திருப்பிப் போட முடியும்.

நாடாவின் தொடக்கத்தில் சில விநாடி நீளத்துக்கு லீடர் என்ற வெறும் பட்டை இருக்கும். அதில் ஒலி பதியாது. அதைக் கவனிக்காமல் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினால் முதல் பாட்டின் தலை போய்விடும். குரலில் 'ஸ்', 'ஷ்' ஒலிகளை மிக்ஸிலேயே அடக்குங்கள், நாடாவில் அவை சிதறும். நாடா உரசிச் செல்லும் டெக்கின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஹெட் துளி சாய்ந்திருந்தாலும் ட்ரெபிள், அதாவது உச்ச ஒலி, செத்துவிடும், ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் அசிமத் திருகைச் சரிபார்த்துவிட்டே தொடங்குங்கள். முடிந்ததும் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். இல்லையென்றால் யாராவது தெரியாமல் மேலேயே பதிந்துவிடுவார்கள்.

கேள்வி: ஒன்றைப் பதிந்துவிட்டு, இரட்டை டெக்கில் வேகமாக நகல் எடுக்கலாமா?

பதில்: நகலின் நகலில் இரைச்சல் கூடும், வேகத்தில் ட்ரெபிள் குறையும். ஒவ்வொன்றையும் கணினியிலிருந்து நேராக ஏற்றுங்கள். 41 நிமிட ஆல்பத்துக்கு 41 நிமிடம்தான் ஆகும். அந்த நேரத்தில் உட்கார்ந்து, கேசட் பெட்டிக்குள் வைக்கும் அட்டையான ஜே-கார்டு மடியுங்கள்.