மருத்துவர் பதில்கள்: கடல் கடந்த தாய்மை

கேள்வி: என் மகள் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் அங்கே பணியாற்றத் தேற வேண்டிய பிளாப் தேர்வுகள் எழுதி, இப்போது இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறாள். மூன்று வயதில் ஒரு மகன். மாப்பிள்ளை கணினித் துறையில் இருக்கிறார். இரவுப் பணி முடிந்து வீடு திரும்புவதற்குள் குழந்தை நர்சரிக்குப் போய்விடுகிறான் என்று தொலைபேசியில் அழுகிறாள். இங்கே உறவினர்களோ, “பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்க்காமல் அப்படியென்ன உத்தியோகம்?” என்று என்னிடம் கேட்கிறார்கள். குடிபோன நாட்டில் மருத்துவராகவும் நல்ல தாயாகவும் வாழ்ந்த பெண்கள் உண்டா? அவளுக்கு நான் என்ன சொல்வது?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: உண்டு அம்மா. உங்களுக்கு அருகிலேயே, ராயபுரத்து ரெய்னி மருத்துவமனையை உருவாக்கிய மேட்டில்டா மெக்ஃபெயில் 1888இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மருத்துவர்தான். ஆனால் அவர் மணம் புரியாமல் பணிக்கே வாழ்வை அளித்தவர். உங்கள் மகளின் நிலைக்கு நெருக்கமானவராக எனக்குத் தோன்றுபவர் மேரி ஷார்லீப் அம்மையார்.

1845இல் லண்டனில் பிறந்து, சில நாட்களிலேயே தாயைப் பறிகொடுத்து, 1866இல் வழக்கறிஞரான கணவருடன் சென்னைக்குக் குடிவந்த அவர், ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டினால் திரைக்குள் வாழ்ந்த கோஷாப் பெண்கள் பிரசவத்தில் மடிவதைக் கேள்வியுற்று மனம் பொறுக்காமல், மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பின்பு மருத்துவம் கற்கத் துணிந்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது நுழைந்த நால்வருள் அவரும் ஒருவர். 1878இல் இங்கே தேறியவர், அத்துடன் நிறைவடையாமல் லண்டன் சென்று, 1882இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்கள் இருவருள் ஒருவரானார். மறு ஆண்டே சென்னை திரும்பி, 1885இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். நம் பாட்டிமார் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைத்த அதுவே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இயங்குகிறது. உடல்நலம் குன்றியதால் 1887இல் அவர் தாய்நாடு திரும்ப நேர்ந்தது.

இந்த வரலாற்றை மகளிடம் சொல்லுங்கள், ஆனால் “அவரால் முடிந்ததே, உன்னால் முடியாதா?” என்ற தொனியில் ஒருபோதும் சொல்லாதீர்கள். அக்கால ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு இந்நகரில் ஆயாவும் பணியாட்களும் வாய்த்திருந்தார்கள். உங்கள் மகளோ இரவெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து, துணி துவைத்து, சமைத்து, அதன்பின் உறங்க வேண்டியவள். அவளுக்குப் பாசத்தில் குறையில்லை. குறைவது உறக்கமும் உடனிருந்து உதவும் கைகளும்தான். இதை அவளுக்குப் புரியவைப்பதே நீங்கள் தரக்கூடிய பெரிய ஆறுதல் என்பது என் உறுதியான கருத்து.

உறவினர்களுக்கும் ஒரு சொல். இதே கேள்வியை அவர்கள் மாப்பிள்ளையிடம் கேட்பதில்லை. தந்தை காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, நர்சரியில் விட்டுவருகிறார் என்றால் அந்தப் பிள்ளை பெற்றவர் கையில்தான் வளர்கிறது. அதனைக் கைவிடப்பட்ட பிள்ளை என்று பேசுவது கொடுமை.

நடைமுறையில் செய்யக்கூடியவையும் உண்டு. சிறப்புப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்கள், குழந்தை வளர்ப்பைக் காரணம் காட்டிக் குறைந்த நேரப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அங்கே இடமுண்டு. பயிற்சி சாராத பணியென்றாலும், நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து வடிவில் கேட்கும் உரிமையைச் சட்டமே, 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே வழங்கியிருக்கிறது. கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது, மறுத்தால் நிர்வாகம் காரணம் கூற வேண்டும். வெளிநாட்டிலிருந்து சென்ற மருத்துவர்கள் பலர், வேலை போய்விடுமோ, விசாவுக்குக் கேடு வருமோ என்றஞ்சி வாய் திறப்பதேயில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: வேலை நேரம் குறைந்தால் சம்பளமும் குறையும், பணி விசாவுக்கோ குறைந்தபட்சச் சம்பள வரம்பு உண்டு, ஆகவே விண்ணப்பிக்கும் முன் மருத்துவமனையின் பணியாளர் பிரிவில் கேட்டுத் தெளிய வேண்டும்.

அழுகை நாள்தோறும் தொடர்ந்தால், உறக்கமோ பசியோ கெட்டால், அதைத் தாய்மையின் இயல்பென்று விட்டுவிடாமல் அவள் தன் குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவர்கள் தம் நோயைத் தாமே மறைத்துக்கொள்ளும் வழக்கத்தை என் பணிக்காலம் முழுவதும் கண்டு வருந்தியிருக்கிறேன்.

கேள்வி: நானே அங்கு சென்று பேரனைப் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாகச் செல்லலாம், ஆனால் பார்வையாளர் விசாவில் பொதுவாக ஒரு முறைக்கு ஆறு மாதம் வரையே தங்க முடியும். பாட்டியாகப் போய்ப் பேரனைக் கவனித்துக்கொள்வதற்குத் தடையில்லை. ஊதியம் பெறும் ஆயாவைப் போன்ற வேலையாக அது அமையக்கூடாது, அடுத்தடுத்துச் சென்று அங்கேயே குடியிருப்பதும் கூடாது. ஆகவே, மகளுக்கு இரவுப் பணி அதிகமாக விழும் மாதங்களையோ தேர்வு நெருங்கும் மாதங்களையோ அறிந்து அப்போது செல்லுங்கள். மற்ற நாட்களில், அங்கே காலை ஏழரை மணிக்குப் பேரன் சாப்பிட உட்காரும்போது, குளிர்காலமானால் இங்கே பகல் ஒரு மணி. அந்த நேரத்தில் வீடியோ அழைப்பில் அவனோடு தமிழில் கதை பேசிச் சாப்பிட வையுங்கள். மகள் இரவுப் பணியிலிருந்து திரும்பாத காலைகளில் மாப்பிள்ளைக்கு அந்த ஒரு வேலையாவது எளிதாகும்.