வீட்டில் யாரும் மாறத் தயாரில்லை. நான் மட்டும் வீகனாக இருப்பது எப்படி?

கேள்வியோடு நீங்கள் எழுதியிருப்பது இது: அம்மா தினமும் அழுகிறார், அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மாட்டுப் பண்ணை வீடியோக்களை ஆறு மாதமாகக் காட்டியும் ஒருவரும் மாறவில்லை. முதலில் அந்த வீடியோ காட்டுவதை நிறுத்துங்கள். நானும் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான்.

கறி, முட்டை, பால், தேன் என்று விலங்கிடமிருந்து வரும் எதையும் சாப்பிடாமல், வீகனாக எனக்கு இது ஒன்பதாவது வருடம். மதுரையில் இருக்கிறேன். பிறந்தது திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். புகுந்த வீட்டில் கணவர், அத்தை, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை, நான். என்னைத் தவிர மூவரும் எல்லாம் சாப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எலும்புக் குழம்பு கொதிக்கவில்லை என்றால் அத்தைக்கு அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கறியை விட்டதுதான் பெரிய சண்டையாகியிருக்கும் என்று நினைப்பார்கள். அதில் சண்டையே இல்லை. நம் வீடுகளில் சாப்பிடாதவருக்கு என்று ஒரு இடம் ஏற்கெனவே இருக்கிறது. புரட்டாசியில் பாதித் தெரு கறிக்கடைப் பக்கம் போகாது. கார்த்திகையில் மாலை போட்டவருக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. யாரும் காரணம் கேட்பதில்லை. எங்கள் அப்பத்தா இன்றுவரை நான் ஏதோ நீண்ட விரதத்தில் இருப்பதாகத்தான் நம்புகிறார். குழந்தை வேண்டி இருந்த விரதம் என்று முதலில் நினைத்தார். குழந்தை பிறந்த பிறகும் தொடரவே, குழந்தைக்காக என்று அவரே மாற்றிக்கொண்டார். நானும் திருத்தவில்லை. அது நேர்மையா என்று கேட்டால், இல்லைதான். அவருக்கு எண்பத்தாறு வயது, விட்டுவிட்டேன்.

சிக்கல் பாலில்தான் வந்தது. விரதம் என்ற அந்த இடத்தில் பாலுக்குத் தடை கிடையாது. விரதமிருப்பவர் குடிப்பதே பாலும் பழமும்தான். பால் வேண்டாம் என்று சொல்பவரை எந்தப் பெட்டியில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ‘வீகன்’ என்ற பெயராவது உதவியதா? 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய பெயர் இது. என் சித்தப்பாவுக்கு அது மாருதி வேகன் ஆர் கார். ‘எந்த வருச மாடல்?’ என்று இன்றும் கேட்கிறார். தமிழில் நனிசைவம் என்று ஒரு அழகான சொல் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் ‘சைவம்’ என்று ஆரம்பித்தாலே, ‘நம்ம சாதிசனத்த விட்டு அந்தப் பக்கம் சேர்ந்துட்டியா’ என்று போய்விடும். அதனால் நான் பெயரே வைப்பதில்லை. ‘மாடு, ஆடு, கோழிகிட்ட இருந்து வர்றது எதுவும் வேண்டாம், தேனும் வேண்டாம்.’ இவ்வளவுதான்.

உறவினர் வீட்டில் காபியை மறுப்பது இன்னொரு கலை. எனக்கு வரக்காப்பி போதும். ஆனால் வீட்டுக்கு வந்தவருக்கு வரக்காப்பி கொடுத்தால், பாலுக்கு வக்கில்லாத வீடு என்று பேர் வந்துவிடுமே என்று அவர்களுக்குக் கூச்சம். ஒருமுறை ஒரு சின்னம்மா, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக்கு ஓடிப் பால் வாங்கி வந்துவிட்டார். இப்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ‘சுக்குக் காப்பி போடுங்க சின்னம்மா, தொண்டை கட்டியிருக்கு’ என்று நானே கேட்டுவிடுவேன். மறுத்தால்தான் வருத்தம். கேட்டு வாங்கிக் குடித்தால் அவர்களுக்குச் சந்தோஷம். பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் உண்டு. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மகள் கையில் கொடுத்துவிடுவேன். வேண்டாம் என்று சொன்னதில்லை.

சரி, வீடியோ விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மாறியதற்குக் காரணம் எந்த வீடியோவும் இல்லை. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். செவலை ஈன்ற கன்று எட்டாம் நாள் கழிந்து கழிந்தே செத்துப்போனது. கன்று முட்டாமல் செவலை பால் விடாது. கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்துச் சாக்கு ஊசியால் தைத்தார் அப்பா. நான்கு குச்சிகளைக் காலாக வைத்துச் செவலையின் முகத்துக்கு நேரே நிறுத்தினார். செவலை மோந்து பார்த்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. நக்க நக்கப் பால் சுரந்தது, அம்மா பீய்ச்சினாள். கண் இருந்த இடத்தில் ஒரு வைக்கோல் துருத்திக்கொண்டிருந்தது. நக்கும்போது அதுவும் நாக்கோடு போனது. நான் தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரியும் பால் சோறுதான் சாப்பிட்டேன், பொய் சொல்லவில்லை. அது உள்ளே கிடந்து வெளியே வர இன்னும் பதினைந்து வருடம் பிடித்தது.

விட்ட புதிதில் ஊருக்குப் போய், போனில் இருந்த வீடியோ ஒன்றை அப்பாவிடம் நீட்டினேன். சினை ஊசி, கன்றைப் பிரிப்பது, காளைக்கன்றை அடிமாட்டுக்கு விற்பது என்று எல்லாம் அதில் இருந்தது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய், சொசைட்டிக்குப் பால் ஊற்றிய கணக்கு நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். ‘நீ பி.எஸ்ஸி. முடிச்ச காசு இதுல இருக்கு. கூட்டிப் பாரு’ என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் பற்றிப் புத்தகத்தில் படித்தபோது பெரிய பெரிய எண்கள்தான் கண்ணில் பட்டன. எங்கள் வீட்டில் அது காலை ஆறு மணிக்குக் கையில் கேனோடு சொசைட்டி வரிசையில் நிற்கும் அம்மா. பத்து நாளுக்கு ஒருமுறை கைக்கு வரும் ரொக்கம். மழை பெய்யாத வருடத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். இதையெல்லாம் கொடுமை என்ற ஒரே சொல்லில் நான் அடைத்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மூன்று வருடம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே சொன்னார்: ‘செவலைக்குக் கன்னு தைச்சேனே, தைக்கிறப்ப எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு?’

அன்றுதான் எனக்கு உறைத்தது. வீடியோ காட்ட வேண்டியது பார்க்காதவர்களுக்கு. பால் பாக்கெட்டில் பிறக்கிறது என்று நினைப்பவர்களுக்கு. எங்கள் அப்பா என்னைவிட நூறு மடங்கு பார்த்தவர். அவருக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. தெரிந்தே வாழ்ந்த மனிதரிடம் ‘உனக்குத் தெரியாது’ என்று சொன்னால் எப்படி முகம் கொடுப்பார்? உங்கள் அப்பா பேசாமல் இருப்பதும் இந்தக் கணக்காக இருக்கலாம். எனக்கு உங்கள் வீடு தெரியாது. ஆனாலும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் உடம்பு. இதில் மட்டும் வீட்டார் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டாவது வருடக் கடைசியில் எனக்குப் பாதம் இரண்டும் ஊசி குத்துவது போல மதமதத்தது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 தரைமட்டம். ‘ஒரு டம்ளர் பால் குடிச்சிருந்தா வருமா?’ என்று இரண்டு வீடும் ஒரே குரலில் கேட்டன. பாதி நியாயம்தான். பி12-ஐச் செடியும் செய்வதில்லை, மாடும் செய்வதில்லை, பாக்டீரியாதான் செய்கிறது. மாட்டின் வழியாக வந்துகொண்டிருந்ததை நிறுத்தினால் மாத்திரை வழியாக எடுத்தே ஆக வேண்டும். பழைய சோற்றில் இருக்கிறது, முருங்கைக்கீரையில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். கேப்சூலாக இருந்தால் மேலோடு பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாடு போன்ற விலங்குகளின் எலும்பும் தோலும். அதனால் மாத்திரையாகக் கேளுங்கள். சுண்ணாம்புச் சத்துக்கு அவ்வளவு பயம் வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் வரும், அதே அளவு பசும்பாலில் ஏறத்தாழ 120. வாரம் நான்கு நாள் எனக்குக் கேப்பைக் களியோ தோசையோ உண்டு. அம்மா அழுவது நீங்கள் மெலிந்துபோவீர்கள் என்றுதான். ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள், எந்த வாதத்தையும்விட அது வேலை செய்யும். எங்கள் அம்மா அதை மடித்து மஞ்சள் பையில் வைத்திருக்கிறாள்.

கடையில் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று அர்த்தமில்லை, அது வெறும் சைவக் குறி. வீகன் பொருளுக்கென்று தனி விதிமுறை 2022-இல் வந்தது. முத்திரையில் ஆங்கில ‘வி’ எழுத்தும் அதன் மேல் ஒரு துளிரும் இருக்கும். எல்லாப் பொருளிலும் கிடைக்காது, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தே தீரவேண்டும். அதைவிடச் சுலபம், நம் சமையலுக்குள்ளேயே இருந்துகொள்வது. இட்லி, ரசம், புளியோதரை, சுண்டல், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் என்று நம் சாப்பாட்டில் முக்கால்வாசி, நெய்யை ஊற்றாமல் விட்டால் அப்படியே எனக்கானதுதான். மதுரையில் சாயங்காலம் தள்ளுவண்டியில் விற்கும் பருத்திப்பாலில் பெயரில்தான் பால், உள்ளே இருப்பது பருத்திக்கொட்டையும் தேங்காயும் கருப்பட்டியும். வெளிநாட்டு வீகன் சீஸ் தேடி நான் ஒரு ரூபாய் செலவழித்ததில்லை.

புகுந்த வீட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் அத்தைக்குத் துரோகம். கல்யாணம் முடிந்து வாசலில் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துப் பால் பழம் கொடுக்கும்போது என்ன செய்வது என்று எனக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. கடைசியில் நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன். அவள் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள். வெள்ளி டம்ளரில் வந்தது தேங்காய்ப்பால், அதில் பிசைந்த வாழைப்பழம். மூன்று கரண்டி வாங்கிக்கொண்டேன். ரகசியம் எங்கள் இருவரோடு போய்விட்டது என்று நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே அத்தை சாவகாசமாகச் சொன்னார்: ‘உன் பால் பழத்துல தேங்கா வாசம் அடிச்சுது. சபையில எதுக்குன்னு கம்முனு இருந்துட்டேன்.’

அதற்காக அத்தை மாறிவிட்டார் என்று எழுதவில்லை. மாறவில்லை, மாறவும் மாட்டார். எங்களுக்குள் நிற்பது சில ஏற்பாடுகள்தான். கறியைக் கழுவுவதும் ஆக்குவதும் அவரோ கணவரோ. சட்டி அவர்களுடையது, அலசிக் கவிழ்ப்பதும் அவர்களே. சாம்பாருக்கும் பொரியலுக்கும் நெய்யைச் சட்டியில் விடாமல் அவரவர் தட்டில் விட்டுக்கொள்வார்கள். பொங்கலன்று இரண்டு பானை வைக்கிறோம். தேங்காய்ப்பால் ஊற்றிய பானையும் பொங்கத்தான் செய்கிறது. மாசியில் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டும்போது நான் இலை போட்டுப் பரிமாறுவேன், கறி வாளியை மட்டும் தொடமாட்டேன். காலை காபிக்குப் பால் காய்ச்சுவது மட்டும் என் வேலையாகவே இருக்கிறது. வீகன் நண்பர்கள் சிலர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், கால் வலியோடு அத்தை எழுந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் படுத்திருக்க முடியாது.

மகள் விஷயம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் பாட்டி கையால் பால் குடிக்கிறாள், முட்டை சாப்பிடுகிறாள். அவளே கேட்கும் வயதில் செவலை கதையைச் சொல்வேன், அதற்கு முன் இல்லை என்று கணவரும் நானும் பேசிவைத்திருக்கிறோம். சில நாள் அந்த டம்ளரைக் கழுவும்போது கை நின்றுவிடும்.

கடைசியாகத் தயிர். எனக்கு விடக் கஷ்டமாக இருந்தது அது ஒன்றுதான். ஒரு டம்ளர் பச்சை நிலக்கடலையை ராத்திரி ஊறவைத்துத் தோலைக் களைந்து, ஐந்து டம்ளர் தண்ணீர் சேர்த்து அரைத்துத் துணியில் பிழிந்துகொள்ளுங்கள். அடிபிடிக்காமல் கிண்டிக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டைப் போட்டு மூடிவையுங்கள். மதுரை வெயிலுக்கு எட்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். முதல் தடவை கொழகொழவென்றுதான் இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவை உறை ஊற்றினால் கெட்டிப்படும். கடலை வாசம் லேசாக இருக்கும், மோர்க்குழம்பில் தெரியாது. பிழிந்த சக்கையை எங்கள் வீட்டில் அடை மாவில் கலந்துவிடுவோம்.

போன வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். நான் இல்லாததால் உறை மோர் புளித்து வீணாகிவிட்டது. புதிதாக ஆரம்பிக்கக் காம்பு வேண்டுமே என்று மிளகாய்க் கூடையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: ‘ஃபிரிட்ஜ் கதவுல ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கு பாரு. நாலு நாளா கிள்ளிக் கிள்ளி அதுலதான் போட்டு வச்சிருக்கேன்.’