உப்புத்தாள் தேய்ப்பது நாளைக் கடத்தும் வேலையா?

கேள்வி: நான் இருபது ஆண்டுகளாக வீடுகளுக்கு வண்ணம் பூசி வருகிறேன். சுரண்டுவது, பள்ளம், விரிசல்களை நிரப்பிச் சமமாக்கும் பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாகப் பிரைமர் அடிப்பது என ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டுக்காரர்கள், “இது அவசியம்தானா? நாளைக் கடத்துகிறீர்களா?” என்று கேட்கிறார்கள். மனம் நோகிறது. எப்படிப் பதில் சொல்வது?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானதே. ஆனாலும், வேலை முடிந்தபின் கண்ணில் படுவது கடைசிப் பூச்சு மட்டுமே; நீங்கள் சொன்ன நான்கு வேலைகளும் அதற்கடியில் மறைந்துவிடுகின்றன. மறைந்துவிடும் ஒன்றுக்குப் பணம் கொடுப்பவர் அது எதற்கு என்று கேட்பதை, உங்கள் நேர்மைமீது எழும் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபது ஆண்டு அனுபவத்தைச் சொல்வதும் கேட்ட கேள்விக்குப் பதிலாகாது.

வாயால் விளக்குவதைவிடச் சுவரிலேயே காட்டுங்கள். பழைய சுவரில் அவரையே உள்ளங்கையைத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் மாவு போல ஒட்டினால், அதன்மேல் பூசும் வண்ணம் சுவரைப் பிடிக்காமல் அந்த மாவைத்தான் பிடிக்கும், பின்னர் அதனோடு சேர்ந்தே உரியும் என்பது அவருக்குத் தானே விளங்கும். பட்டி காய்ந்த இடத்தில் ஈர விரலை வைத்து எடுத்தால், ஈரம் உடனே உள்ளே இழுக்கப்படும். பிரைமர் காய்ந்த இடத்தில் அது சற்று நேரம் மேலேயே நிற்கும். பிரைமர் இல்லாவிட்டால் விலை கூடிய வண்ணத்தைப் பட்டியே குடித்துவிட்டு, திட்டுத் திட்டாகக் காட்டி, இன்னொரு கோட்டிங் கேட்கும். உப்புத்தாள் எதற்கு என்று காட்ட ஒரு மின்விளக்கு போதும்: சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், பட்டித் தகடு ஓடிய ஒவ்வொரு வரியும் நிழலாகத் தெரியும்.

புதிதாகச் சிமெண்டு பூசிய சுவரில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சிமெண்டுப் பூச்சு தொட்டால் உலர்ந்ததுபோல இருந்தாலும் உள்ளே ஈரமும் காரமும் தங்கியிருக்கும்; அதனால்தான் ஏறத்தாழ 28 நாள் காத்திருக்கச் சொல்கிறோம். ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துக் காட்டுங்கள். உட்புறம் நீர் பூத்திருந்தால் வண்ணம் பூச வேண்டாம். அவர் வற்புறுத்தினாலும் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

இதையெல்லாம் கையில் உப்புத்தாளோடு நிற்கும்போது சொன்னால் வாக்குவாதமாகத்தான் தோன்றும். விலை பேசும் நாளிலேயே ஒவ்வொரு கட்டத்தையும், அது காய வேண்டிய நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு அடித்த எமல்ஷன் வண்ணம் உறுதியாக ஒட்டியிருந்து, அதே நிறத்தை மறுபடி பூசுவதாக இருந்தால், துடைத்து, லேசாகத் தேய்த்து, விரிசல் உள்ள இடங்களில் மட்டும் பட்டியும் பிரைமரும் வைத்தால் போதும். சுவர் முழுக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட சுவரில் “இது அவசியமா?” என்று கேட்டால், அவசியமில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதன்பின் நீங்கள் அவசியம் என்று சொல்லும் கட்டத்தில் அவர் மறுபேச்சுப் பேச மாட்டார்.