மாவுக்கட்டுக்குள் இருக்கும் கைக்கு மனப்பயிற்சி பலன் தருமா?

கேள்வி: வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறேன். பிரிக்க இன்னும் நான்கு வாரம் ஆகும். கையை அசைப்பதுபோல் தினமும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறார் பிசியோதெரபிஸ்ட். சும்மா நினைத்தால் என்ன ஆகும்? எப்படிச் செய்வது?

பதில்: மூளைக்கு அது சும்மா இல்லை. மணிக்கட்டை மடக்குவதாக நினைத்ததுமே, அசைவைத் திட்டமிடும் முன் இயக்கப் பகுதி, துணை இயக்கப் பகுதி, உச்சிமடல், சிறுமூளை எல்லாம் வேலையில் இறங்குகின்றன. தசைக்கு ஆணை அனுப்பும் முதன்மை இயக்கப் புறணியும் ஓரளவு விழிக்கிறது. நிஜ அசைவின் அளவுக்கு இல்லை. ஆணை வெளியேறாமல் தடுக்கப்படுகிறது. ஓய்வில் நொடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் ‘மியூ’ என்ற மூளை அலை, வலது கையைக் கற்பனை செய்யும்போது முக்கியமாக இடது மூளையில் தணிவதை இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) காட்டும்; அந்தப் பகுதி வேலையில் இறங்கியதற்கு அது அடையாளம்.

பலனுக்கும் சான்று உண்டு. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், காயமே இல்லாதவர்களின் மணிக்கட்டை நான்கு வாரம் கட்டிவைத்தார்கள். எதுவும் செய்யாதவர்களின் வலிமை சுமார் 45 சதவீதம் சரிந்தது. வாரம் 5 நாள் மனப்பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 24 சதவீதம். இப்படிக் காப்பாற்றப்படுவது தசையை இயக்கும் மூளையின் திறன்தான். தசை மெலிவதை இது தடுக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

அந்த ஆய்வின் கணக்கையே பின்பற்றலாம். 5 நொடி முழு பலத்தோடு மடக்குவதாகக் கற்பனை, 5 நொடி ஓய்வு. இப்படி 13 முறை ஒரு சுற்று. மொத்தம் 4 சுற்று. சுற்றுகளுக்கிடையே ஒரு நிமிடம் விட்டால் 12 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குமேல் இழுத்தால் கவனம் கலைந்து வெறும் எண்ணிக்கைதான் மிஞ்சும்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கை அசைவதை சினிமாபோல் வெளியிலிருந்து பார்ப்பார்கள். அது பார்வைப் பகுதியை எழுப்பும். இயக்கப் பாதைக்குப் பெரிதாக எதுவும் போய்ச் சேராது. உங்களுக்கு வேண்டியது உணர்வு. முன்கையின் உள்பக்கத்தில் தசை இறுகுவது, உள்ளங்கை எதையோ அழுத்துவது, தளர்த்தும்போது பாரம் இறங்குவது ஆகியவற்றைத் தேடுங்கள். பிடிபடவில்லையா? நல்ல கையால் மேசை விளிம்பை 5 நொடி அழுத்திவிட்டு, அந்த உணர்வு மங்குவதற்குள் கட்டுப்போட்ட கைக்கு மாற்றுங்கள். கற்பனையில் கை எந்த நிலையில் இருக்கிறதோ, நிஜக் கையும் முடிந்தவரை அதே நிலையில் இருக்கட்டும்.

சரியாகத்தான் செய்கிறோமா என்று பார்க்கக் கடிகாரம் போதும். நல்ல கையை 10 முறை மடக்கி விரிக்க ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு அதே கையை, அசைக்காமல், 10 முறை மனதில் மடக்குங்கள். இரண்டு நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மனதில் பாதி நேரத்தில் முடிகிறது என்றால் அசைவைத் தாவிப் போகிறீர்கள். வேகத்தைக் குறைத்து மறுபடி செய்து பாருங்கள்.

விரல் நுனி துடித்தாலோ தோள் தூக்கினாலோ நிஜமாகவே இறுக்குகிறீர்கள் என்று பொருள். தசைநாரும் தைக்கப்பட்டிருந்தால் அது ஆபத்து. மூச்சை விட்டு, பாதி பலத்தில் கற்பனை செய்யுங்கள்.

சிலருக்கு நினைத்தாலே வலியும் வீக்கமும் கூடும். அப்படியானால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். கைகளின் படங்களைப் பார்த்து இடதா வலதா என்று அடையாளம் காணும் பயிற்சிக்கு அவர் உங்களை மாற்றக்கூடும். கட்டுக்குள் விரல் மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ அது மனப்பயிற்சி சம்பந்தப்பட்டதல்ல, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.